பெர்லினில் ஐந்து நாள்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, ராத்திரி எங்கே போவது?

#1 சேலத்து_மாம்பழம்

வணக்கம் மக்களே. செப்டம்பரில் அலுவலக வேலையாக ஹாம்பர்க் போகிறேன். வேலை முடிந்ததும் ஐந்து நாள் கையில் இருக்கிறது. பெர்லினில் கழிக்கலாம் என்று யோசனை. கூட வரும் நண்பன் சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டான். நான் எதையும் சாப்பிடுவேன்.

இதுவரை எழுதி வைத்திருக்கும் பட்டியல்: பிராண்டன்பூர்க் வாயில், ரைஷ்டாக் (பாராளுமன்றக் கட்டடம்), செக்பாயின்ட் சார்லி, டிவி கோபுரம், பெர்கமோன் அருங்காட்சியகம், பெர்லின் சுவர், கடைசியாக பெர்க்ஹைன் கிளப். நாளுக்கு எத்தனை என்று யாராவது பிரித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். ஹோட்டல் ஊருக்கு நடுவில் போடலாம் என்றிருக்கிறேன். எந்த ஏரியா நடு?

#2 ஸ்ப்ரேக்கரை

தம்பி, ஏழு வருஷமாக நொய்கொல்னில் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற கேள்விகளில் பாதி காணாமல் போய்விடும். இந்த ஊருக்கு நடு என்று ஒன்று கிடையாது.

இன்று நாம் பெர்லின் என்று சொல்வது 1920இல்தான் உருவானது. பழைய பெர்லினோடு சுற்றியிருந்த நகரங்கள், 59 கிராமங்கள், பண்ணை நிலங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாநகரமாக்கினார்கள். ஷார்லாட்டன்பூர்க்கும் நொய்கொல்னும் அதுவரை தனி ஊர்கள். ஒட்டவைத்த நாற்பது வருஷத்தில், 1961இல், நடுவே சுவர் எழும்பியது. அப்புறம் கிழக்கும் மேற்கும் தனித்தனியாக வளர்ந்ததால் எல்லாமே இரண்டிரண்டு: இரண்டு மிருகக்காட்சிசாலை, இரண்டு பெரிய பல்கலைக்கழகம். கடைவீதிக்கு மேற்கே கூடாம் என்றால் கிழக்கே அலெக்ஸாண்டர்பிளாட்ஸ். அதனால் இங்கே யாரும் ‘ஊருக்குள் போகிறேன்’ என்று சொல்லமாட்டார்கள். ‘கீட்ஸ்’ என்பார்கள், அவரவர் பேட்டை. தன் பேட்டையை விட்டு வெளியே வர அலுப்புப்படும் பெர்லின்காரர்கள் ஏராளம். நானும் அப்படி ஆகிவிட்டேன்.

தங்க இடம் கேட்டால் ஒரே பதில்தான். யூ8 என்ற சுரங்க ரயில் பாதையின் ஓரமாகப் பிடியுங்கள். ஹெர்மன்பிளாட்ஸ், கோட்புசர் டோர், அலெக்ஸாண்டர்பிளாட்ஸ், ரோசென்டாலர் பிளாட்ஸ், பெர்னாவர் ஷ்ட்ராசே எல்லாம் அந்த ஒரே கோட்டில் வரும். துருக்கிக்காரர் பேட்டையில் ஏறி, கிழக்கு பெர்லினின் பழைய சதுக்கத்தைக் கடந்து, சுவர் நின்ற தெருவில் போய் இறங்கலாம். சுவர் இருந்த காலத்தில் மேற்கிலிருந்து வரும் இந்த ரயில் கிழக்குப் பகுதிக்கு அடியில் நிற்காமல் மெதுவாகப் போகுமாம். மங்கலான விளக்கும் காவலாளியும் மட்டுமே இருந்த அந்த ஸ்டேஷன்களுக்கு ‘பேய் ஸ்டேஷன்’ என்றே பெயர்.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். யூ8 அழகான பாதை இல்லை. போதையில் தள்ளாடுபவர்கள், பிச்சை கேட்பவர்கள், நாற்றம் எல்லாம் உண்டு. பயப்பட வேண்டாம். முகம் சுளிக்காமல் இருக்கப் பழகுங்கள்.

#3 அரைநாள்_அண்ணாச்சி

நான் இரண்டு நாள் இருந்தேன். ஒரு நாளே அதிகம். சுவரைப் போய்ப் பார்த்தேன், சுவராகத்தான் இருந்தது. செக்பாயின்ட் சார்லி என்று ஒரு பெட்டிக்கடை மாதிரி இருக்கிறது, பக்கத்தில் பர்கர் கடை. எங்கே பார்த்தாலும் சுவரில் கிறுக்கல். அதே காசுக்கு பிராக் போயிருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாவது கிடைத்திருக்கும். மாம்பழம் சார், ஐந்து நாளை வீணாக்காதீர்கள்.

#4 ஸ்ப்ரேக்கரை

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. பிராக்கோடு அழகுப் போட்டி வைத்தால் பெர்லின் முதல் சுற்றிலேயே வெளியே. குண்டுவீச்சில் பாதி போனது, பிறகு இரண்டு அரசுகள் அவசர அவசரமாகக் கட்டியது மீதி. செக்பாயின்ட் சார்லி, சுவர்க் காலத்து எல்லைச் சாவடி. அங்கே நிற்கும் காவல் கூண்டு அசல் கிடையாது, பிற்பாடு செய்து வைத்த நகல். பட்டியலிலிருந்து அதைத் தாராளமாக அடித்துவிடலாம்.

ஆனால் சுவரைத் தப்பான இடத்தில் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்ப்ரே ஆற்றோரம் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓவியங்களோடு நிற்பது ஈஸ்ட் சைடு கேலரி. 1990இல் வரைந்தது. படம் எடுக்க நல்ல இடம், அவ்வளவுதான். சுவர் என்றால் என்ன என்று புரிய பெர்னாவர் ஷ்ட்ராசே போக வேண்டும். அங்கே அது ஒற்றைச் சுவர் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு சுவர்கள், நடுவே வெறும் மண், கண்காணிப்புக் கோபுரம். தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கில், வீட்டு வாசலுக்கு முன்னால் இருக்கும் நடைபாதை மேற்கில். 1961 ஆகஸ்டில் ஜன்னல் வழியாகக் குதித்தவர்கள் உண்டு. எதிரே ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் ஏறி நின்றால் எல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். கட்டணமும் இல்லை.

கிறுக்கலைப் பார்த்தவர் கீழே பார்த்திருக்கமாட்டார். நடைபாதையில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கும். ‘ஹியர் வோன்ட’ என்று ஆரம்பிக்கும்: இங்கே வாழ்ந்தார். பெயர், பிறந்த வருஷம், நாஜிகள் எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள், எப்போது கொன்றார்கள். என் வீட்டு வாசலிலேயே நான்கு இருக்கின்றன, ஒரே குடும்பம். தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன்.

அப்புறம் பெர்கமோன். 2023 அக்டோபரிலிருந்து முழுக்க மூடிக் கிடக்கிறது, சீரமைப்பு வேலை. பக்கத்திலேயே நொய்யஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், எகிப்து ராணி நெஃபெர்டிட்டியின் சிலை அங்கேதான். அந்த அறையில் மட்டும் படம் எடுக்க விடமாட்டார்கள். ஒரு விதத்தில் நல்லது, எல்லாரும் சிலையைத்தான் பார்க்கிறார்கள். ரைஷ்டாக் குவிமாடம் இலவசம், ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டும் கொண்டுபோக வேண்டும். மாலை நேரமாகப் போடுங்கள். 368 மீட்டர் டிவி கோபுரத்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம். அங்கே ஏறினால் டிவி கோபுரம் மட்டும் தெரியாது என்பது இந்த ஊரின் பழைய ஜோக்.

#5 கடைசி_ரயில்

ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன், ஸ்ப்ரேக்கரை அக்கா தூங்கப் போயிருப்பார்.

பெர்லினில் பார், கிளப் அடைக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. மேற்கு பெர்லினில் 1949லேயே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். சுவர் விழுந்ததும் கிழக்கில் ஆளில்லாத தொழிற்சாலைகளும் கிடங்குகளும் மின்நிலையங்களும் சும்மா கிடந்தன. யார் சொத்து என்றே தெரியாத கட்டடங்கள். டெக்னோ இசைக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். ட்ரெசோர் என்ற கிளப் 1991இல் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் ஆரம்பித்தது. பெயருக்கே பெட்டகம் என்றுதான் அர்த்தம். இப்போது வேறு இடத்தில், அதுவும் ஒரு பழைய மின்நிலையம்தான். 2024இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனியின் கலாசார மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். அதே வருஷக் கடைசியில் ஆற்றோரம் இருபது வருஷத்துக்கு மேல் நடந்த வாட்டர்கேட் கிளப்பை மூடிவிட்டார்கள். ஒரு கையில் மாலை, மறு கையில் பூட்டு.

பெர்க்ஹைன்: க்ரொய்ட்ஸ்பெர்க், ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் இரண்டு பேட்டைப் பெயர்களின் வால்களை ஒட்டி வைத்த பெயர். சனி ராத்திரி திறந்தால் திங்கள் காலை வரை ஓடும். வாசலில் உள்ளே விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது, எந்த விதியும் எழுதி வைக்கவில்லை. சனி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்காதீர்கள், ஞாயிறு மதியம் போங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது. கூட்டமாகச் சிரித்துக்கொண்டு நின்றால் வேலைக்காகாது. அன்று யார் இசைக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதை உரித்தால் வெளியே போக வேண்டியதுதான். உள்ளே யார் எப்படி உடுத்தியிருந்தாலும், உடுத்தாமலே இருந்தாலும், முறைத்துப் பார்க்கக் கூடாது. இது முக்கியம், சிரிக்காதீர்கள்.

நான் ஒரு பெரிய கிளப் வாசலில் இரண்டு மணி நேரம் நின்று, ‘இன்றைக்கு இல்லை’ என்ற இரண்டே வார்த்தையோடு திரும்பியவன். எந்த கிளப் என்று சொல்லமாட்டேன், இன்னொரு தடவை போகணும்.

பணம் ரொக்கமாக வைத்திருங்கள், நிறைய பார்களில் கார்டு ஓடாது. வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாள்களில் இரவுப் பேருந்து.

#6 மழைக்குருவி

கிளப் மட்டும்தான் ராத்திரியா? நான் தனியாகப் போன பெண். டெக்னோ எனக்கு மிக்சி ஓடுகிற சத்தம். என் ராத்திரிகள் எல்லாம் ‘ஷ்பேட்டி’யில் கழிந்தன. நம்ம ஊர் பெட்டிக்கடையின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுநிசி தாண்டியும் திறந்திருக்கும், வாசலில் ஒரு பெஞ்ச் கிடக்கும். ஒரு பீரோ எலுமிச்சைப் பானமோ வாங்கி அங்கேயே உட்காரலாம், கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். க்ரொய்ட்ஸ்பெர்க்கில் வாய்க்கால் மேல் அட்மிரால் பாலம் என்று ஒன்று. வெயில்கால மாலைகளில் கூட்டம் பாலத்தின் கற்களிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: வார்ஷாவர் ஷ்ட்ராசே ஸ்டேஷனைச் சுற்றியும் கோட்புசர் டோரிலும் ராத்திரி போனைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோர்லிட்சர் பூங்காவில் போதை விற்பவர்கள் வந்து கேட்பார்கள், தலையசைத்துவிட்டு நடந்தால் போதும். மற்றபடி எனக்கு நேர்ந்த ஒரே ஆபத்து சைக்கிள். சைக்கிள் பாதை நடைபாதையை ஒட்டியே ஓடும். தெரியாமல் அதில் நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்த பாட்டி திட்டியது ஜெர்மனில்தான் என்றாலும் முழுசாகப் புரிந்தது.

#7 சேலத்து_மாம்பழம்

அருமை, அருமை. பட்டியலைப் பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். நண்பனின் சாப்பாடு?

#8 ஸ்ப்ரேக்கரை

ஒரு எச்சரிக்கை. ‘கெம்யூசே கெபாப்’ என்று எழுதியிருக்கும். கெம்யூசே என்றால் காய்கறி. சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், பொரித்த காய்கறியோடு கோழியும் இருக்கும். என் அப்பா வந்தபோது முதல் கடியிலேயே நடந்தது இது. அதற்குப் பிறகு இரண்டு நாள் வாழைப்பழம்தான் சாப்பிட்டார்.

சோன்னென்அல்லே என்ற தெரு முழுக்க அரபுக் கடைகள். ஃபலாஃபெல், ஹம்முஸ், வறுத்த ஹலூமி பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி என்று தாராளமாக ஓடும். செவ்வாய், வெள்ளி என்றால் மைபாஹ்ஊஃபர் வாய்க்கால் கரையில் துருக்கிச் சந்தை. கீரை வைத்துக் கல்லில் சுடும் கோஸ்லெமே கேளுங்கள். சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் பழங்களைக் கூவிக் கூவிக் கூடையோடு தள்ளிவிடுவார்கள். இந்திய ஹோட்டல்கள் பக்கம் போக வேண்டாம். எதைக் கேட்டாலும் கிரீம் ஊற்றிய ஒரே குழம்பு.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய ரயில் நிலையத்தில் இருக்கும் கடை மட்டும் திறந்திருக்கும், பாதி ஊரும் அங்கே நிற்கும்.

#9 கிழக்கு_வாசல்

தம்பி, நான் எழுதுவது சுற்றுலாவுக்கு உதவுமோ தெரியாது. ஸ்ப்ரேக்கரைப் பிள்ளை சுவர் பற்றி எழுதினதைப் பார்த்ததும் எழுத வேணும் போல இருந்தது.

நான் 1984 கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தனான். அப்ப எங்கட ஆக்கள் கனபேர் வந்த வழி இதுதான். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனிக்காரன் ட்ரான்சிட் விசா தருவான். அங்கிருந்து ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராசே ஸ்டேஷன். அந்த ஸ்டேஷன் முழுக்கக் கிழக்கில்தான், ஆனால் மேற்குக்குப் போகிற ரயிலும் அங்கேயே நிற்கும். நடுவில் பாஸ்போர்ட் பார்க்கிற கூண்டு. ஒடுங்கின வழி, ஒரு ஆள் மட்டும் நிற்கலாம். கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறவன் படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், காதைப் பார்ப்பான். பிறகு கதவு ‘டக்’ என்று திறக்கும். அந்தச் சத்தம் இப்பவும் என் காதில் இருக்கு.

பிளாட்பாரத்தில் வரியில்லாக் கடை. மேற்கு ஆக்கள் மலிவாகச் சிகரெட் வாங்கிக்கொண்டு நிற்கினம். நான் கோட் இல்லாமல், செருப்போடு. ரயில் ஏறி சூ ஸ்டேஷனில் இறங்கினன். மேற்குப் பக்கத்தில் ஒருத்தரும் மறித்துப் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அவர்கள் அதை எல்லை என்றே ஒப்புக்கொள்ளவில்லை, பிறகு எப்படிக் கேட்பது? 1985இல் அந்த வழியை அடைத்துப் போட்டார்கள்.

மேற்குக்குப் போகிறவர்கள் உறவுகளிடம் அழுது விடைபெற்ற மண்டபம் இப்ப இலவச மியூசியம். ட்ரேனென்பலாஸ்ட் என்று பெயர், கண்ணீர் மாளிகை. அந்தக் கூண்டும் உள்ளுக்குள்ள இருக்கு. நேரமிருந்தால் போய்ப் பாருங்கோ. வெள்ளி பின்னேரம் என்றால் யூ7இல் பிளாஷ்கோஅல்லே வந்து இறங்குங்கோ, மயூரபதி முருகன் கோயிலில் நான் இருப்பன். சைவத் தம்பிக்குச் சாப்பாடு என் பொறுப்பு.

#10 அரைநாள்_அண்ணாச்சி

ஐயா, இரண்டு நாளும் அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போய் வந்தேன். இது தெரியாமல் போச்சு.

#11 கடைசி_ரயில்

ஒன்று விட்டுப்போச்சு. ரயில் ஸ்டேஷன்களில் தடுப்புக் கதவே கிடையாது, அதனால் டிக்கெட் வாங்கினாலே முடிந்தது என்று நினைப்போம். மெஷினில் வாங்கிய காகித டிக்கெட்டை பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட்டே இல்லை. 60 யூரோ தண்டம். டிக்கெட் பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், பார்த்தால் தெரியாது. விமான நிலையம் வரை போக ஏபிசி மண்டல டிக்கெட் வேண்டும், ஏபி போதாது.

#12 சேலத்து_மாம்பழம்

திரும்பி வந்தாச்சு. மூன்று வாரமாக எழுத வேண்டும் என்றிருந்து இன்றுதான் முடிந்தது.

ஷோன்லைன்ஷ்ட்ராசே ஸ்டேஷன் பக்கத்தில் தங்கினோம், யூ8தான். முதல் நாள் கடைசி_ரயிலின் அறிவுரையைப் படித்துவிட்டும் முத்திரை குத்த மறந்தோம். 120 யூரோ, இரண்டு பேருக்கு. அதைப் பற்றி மேற்கொண்டு பேச விருப்பமில்லை.

நூறாம் எண் பேருந்தில் மாடியில் முன் சீட்டைப் பிடித்தோம். மிருகக்காட்சிசாலையிலிருந்து அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை பட்டியலில் இருந்த முக்கால்வாசி ஜன்னல் வழியாகவே முடிந்தது. பிராண்டன்பூர்க் வாயில் பக்கத்தில் இறங்கி, அந்த 2711 கான்கிரீட் பாளங்கள் நிற்கும் யூதர் நினைவிடத்துக்குள் நடந்தோம். வெளியே இடுப்புயரம், நாலடி உள்ளே போனால் தலைக்கு மேல். பக்கத்தில் வந்துகொண்டிருந்த நண்பன் திடீரென்று காணோம். கூப்பிடவும் கூச்சமாக இருந்தது. மறுமுனையில்தான் பார்த்தோம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது டெம்பெல்ஹோஃப். யாரும் இங்கே சொல்லவே இல்லை, பாலத்தில் பேச்சுக் கொடுத்த ஒரு ஜெர்மன் பையன் சொன்னான். 2008இல் மூடிய விமான நிலையம், ஓடுபாதை அப்படியே கிடக்கிறது, ஜனங்கள் அதில் சைக்கிள் விடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள், தோட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டடம் கட்டலாமா என்று 2014இல் ஓட்டெடுப்பு வைத்தபோது வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டதாம். 1948இல் சோவியத்காரர்கள் மேற்கு பெர்லினுக்குத் தரைவழியை அடைத்தபோது மாவும் கரியும் விமானத்தில் வந்து இறங்கியது இதே இடத்தில். ஓடுபாதை நடுவில் மல்லாந்து படுத்துக் கிடந்தோம். வாழ்க்கையில் விமானம் ஓடும் பாதையில் படுப்பேன் என்று நினைத்ததில்லை.

பெர்க்ஹைன்: போகவில்லை. ஞாயிறு மதியம் கிளம்பினோம். வழியில் மவுவர்பார்க் சந்தையில் பழைய கேமரா விற்பவரிடம் பேரம் பேச ஆரம்பித்து, அப்புறம் அங்கே கல்படி அரங்கில் நடக்கும் கரோக்கியில் உட்கார்ந்துவிட்டோம். அறுபது வயசு ஆள் ஒருத்தர் சுருதியே இல்லாமல் பாட, சில நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நண்பனைப் பாடச் சொன்னேன், ஓடிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்ணீர் மாளிகை. நான் அந்தக் கூண்டுக்குள் போய் நின்றேன். தலைக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள், நம் முதுகும் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று. மாலையில் கோயிலுக்குப் போய் ஐயாவைப் பார்த்தோம். கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். ‘அதை நான் கவனிக்கேல்ல, கதவைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்’ என்றார். நண்பன் மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டான்.

அண்ணாச்சிக்கு: சுவர் சுவராகத்தான் இருந்தது. ஆனால் பெர்னாவர் ஷ்ட்ராசேயில் இரண்டு மணி நேரம் ஆனது.

#13 மழைக்குருவி

ஷ்பேட்டி பெஞ்ச்?

#14 சேலத்து_மாம்பழம்

ஐந்து ராத்திரியும். காலி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்றும், குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்தால் பொறுக்கி விற்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றும் கடைக்காரர்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா அதில் மணிபிளான்ட் வைத்திருக்கிறார்.

#15 கிழக்கு_வாசல்

8 சென்ட் போச்சு தம்பி.